எம்.சி.பி. அடிக்கடி ட்ரிப் ஆகுதா? பெரிசா மாத்தறதுக்கு முன்னாடி வயரைக் கேளுங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் நீக்கி, வாசிக்க வசதியாகத் தொகுத்திருக்கிறோம்.)

போன எபிசோடில் கரண்ட் பில்லை எப்படிப் படிப்பது என்று பேசினோம். அதற்குப் பிறகு வந்த கேள்விகளில் ஒன்றை இன்றைக்கு முழு எபிசோடாகவே எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் இது ஒருத்தர் வீட்டுப் பிரச்சனை மட்டும் இல்லை.

கேள்வி இதுதான். "எங்க வீட்டுக் கிச்சன்ல இன்டக்‌ஷன் அடுப்பு, மைக்ரோவேவ், கெட்டில் எல்லாம் இருக்கு. காலைல டிபன் நேரத்துல 16 ஆம்பியர் எம்.சி.பி. ட்ரிப் ஆயிட்டே இருந்துச்சு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம். அவர் 16-ஐ எடுத்துட்டு 32 போட்டுட்டார். அதுக்கப்புறம் ஒரு தடவைகூட ட்ரிப் ஆகல. இது சரியா?"

ட்ரிப் ஆவது நின்றுவிட்டது. ஆனால் பிரச்சனை தீரவில்லை. அது கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு, சுவருக்குள் போயிருக்கிறது. எப்படி என்று பார்ப்போம். நான் ட்ரிபிள்-இ படித்துவிட்டு சாப்ட்வேர் வேலைக்குப் போன பெருங்கூட்டத்தில் ஒருத்தன். அதனால் கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தல் தாண்டிப் போகாது.

எம்.சி.பி. யாருக்குக் காவல்?

பலரும் நினைப்பது, எம்.சி.பி.யோ ஃபியூஸோ நம்முடைய டிவியையும் பிரிட்ஜையும் காப்பாற்றுகிறது என்று. உண்மையில் அது காப்பாற்றுவது வயரை. டி.பி. பாக்ஸில் தொடங்கி பிளக் பாயின்ட் வரைக்கும் சுவருக்குள் ஓடுகிற வயருக்கு அதுதான் வாட்ச்மேன்.

அதனால் விதி ரொம்ப எளிது. மூன்று எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும். நீங்கள் இழுக்கும் கரண்ட் சிறியது. அதற்குச் சமமாக அல்லது மேலே எம்.சி.பி. அதற்குச் சமமாக அல்லது மேலே வயர் தாங்கும் கரண்ட். லோடு, எம்.சி.பி., வயர். இந்த வரிசை எங்கே உடைந்தாலும் ஏதோ ஒன்று நடக்கும். லோடு எம்.சி.பி.யைத் தாண்டினால் ட்ரிப் ஆகும். எரிச்சல்தான், ஆபத்து இல்லை. எம்.சி.பி. வயரைத் தாண்டினால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்கும். அதுதான் ஆபத்து.

என் வேலையில் இதற்கு ஒரு உதாரணம் உண்டு. சர்வரில் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒருத்தர் வந்து அலாரம் அடிக்கும் அளவை இரண்டு மடங்காக உயர்த்திவிட்டுப் போகிறார். அலாரம் நின்றுவிடும், எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள். சர்வர் மட்டும் அப்படியேதான் திணறிக்கொண்டிருக்கும்.

வயர் ஏன் சூடாகிறது?

வயருக்கும் கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் உண்டு. 2.5 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயரில் ஒரு மீட்டருக்கு சுமார் 7.4 மில்லி ஓம். ரொம்பச் சின்ன எண். ஆனால் சூடு, கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 16 ஆம்பியர் போகும்போது அந்த ஒரு மீட்டரில் 2 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவான சூடு. 32 ஆம்பியர் போனால் சுமார் 7.6 வாட். கரண்ட் இரண்டு மடங்கு, சூடு நான்கு மடங்கு. இந்த நான்கு மடங்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் தானாகப் புரியும்.

வீட்டு வயர்களில் செம்பு மேலே இருக்கும் பி.வி.சி. இன்சுலேஷன் பொதுவாக 70 டிகிரி செல்சியஸ் வரைக்கும் தாங்குவதற்காகச் செய்யப்படுகிறது. அதைத் தாண்டினால் உடனே தீப்பிடித்துவிடாது. மெதுவாகக் காய்ந்து, விறைத்து, வெடிப்பு விடும். வருஷக்கணக்கில் நடக்கிற வேலை இது. ஒருநாள் பேஸும் நியூட்ரலும் தொட்டுக்கொள்ளும்போதுதான் வெளியே தெரியும்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். "எங்க வீட்டுல எஃப்.ஆர். வயர்தானே போட்டிருக்கு?" எஃப்.ஆர். என்றால் தீ பரவுவதைத் தடுக்கும் தன்மை உள்ள வயர். எஃப்.ஆர்.எல்.எஸ். என்றால் கூடவே புகையும் குறைவு. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த எழுத்துகளால் மட்டும் வயர் தாங்கும் ஆம்பியர் ஒன்றுகூட ஏறாது.

டேபிளில் இருக்கும் எண்ணும், ஏப்ரல் மாத வேலூரும்

வயர் எவ்வளவு தாங்கும் என்பதற்குச் சர்வதேச ஐ.இ.சி. தரத்தில் டேபிள் இருக்கிறது. சுவரில் பைப்புக்குள் போகும் பி.வி.சி. காப்பர் வயர், சிங்கிள் பேஸ் என்றால்: 1.5 ஸ்கொயர் எம்.எம். 17.5 ஆம்பியர், 2.5 என்றால் 24, 4 என்றால் 32, 6 என்றால் 41.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு, "அப்ப 2.5 வயர்ல 20 ஆம்பியர், 4-ல 32 ஆம்பியர் எம்.சி.பி. போடலாமே" என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். அந்த டேபிளுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. சுற்றுப்புற வெப்பம் 30 டிகிரி. அந்தப் பைப்பில் ஒரே ஒரு சர்க்யூட்.

ஏப்ரல், மே மாதத்தில் வேலூரிலோ திருச்சியிலோ 30 டிகிரியை எதிர்பார்க்க முடியுமா? மொட்டை மாடித் தளத்துக்குள் ஓடும் பைப் இன்னும் சூடாக இருக்கும். 40 டிகிரி என்று வைத்தால், டேபிள் எண்ணை 0.87-ஆல் பெருக்க வேண்டும். அடுத்து, நம் ஊர் கன்சீல்டு வயரிங்கில் ஒரு பைப்பில் ஒரு சர்க்யூட் மட்டும் போவது அபூர்வம். இரண்டு சர்க்யூட் போனால் 0.80. மூன்று போனால் 0.70. ஒன்றின் சூடு இன்னொன்றுக்கும் போகிறது அல்லவா, அதற்காக.

40 டிகிரி, பைப்பில் இரண்டு சர்க்யூட் என்று கணக்குப் போட்டால் கிடைப்பது இது:

1.5 ஸ்கொயர் எம்.எம்.: 12.2 ஆம்பியர். அதனால் எம்.சி.பி. 10.
2.5 ஸ்கொயர் எம்.எம்.: 16.7 ஆம்பியர். எம்.சி.பி. 16.
4 ஸ்கொயர் எம்.எம்.: 22.3 ஆம்பியர். எம்.சி.பி. 20.
6 ஸ்கொயர் எம்.எம்.: 28.5 ஆம்பியர். எம்.சி.பி. 25.

லைட், ஃபேனுக்குப் போகும் 1 ஸ்கொயர் எம்.எம். வயருக்கு 6 ஆம்பியர் எம்.சி.பி. போட்டால் கவலை இல்லை.

இந்த ஐந்து ஜோடிகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல எலக்ட்ரீஷியன்கள் எந்த டேபிளும் பார்க்காமல் "2.5-க்கு 16, 4-க்கு 20" என்று சொல்வார்கள். அந்த அனுபவக் கணக்குக்குப் பின்னால் இருப்பது இந்த வெயிலும் இந்தப் பைப்பும்தான். ஒரே பைப்பில் மூன்று சர்க்யூட் திணித்திருந்தால் 2.5 வயர் தாங்குவது 14.6 ஆம்பியர்தான், அப்போது 16-கூட அதிகம்.

இன்னொன்று. ஒரு சர்க்யூட்டில் டி.பி. பாக்ஸிலிருந்து சுவிட்ச் போர்டு வரைக்கும் 4 போட்டு, அங்கிருந்து பிளக் பாயின்ட்டுக்கு 1.5 இழுத்திருப்பார்கள். அப்போது எம்.சி.பி.யைத் தீர்மானிப்பது 4 இல்லை, 1.5. சங்கிலி எங்கே மெலிசோ அங்கேதான் அறும்.

லோடுக் கணக்கு: வாட்டை 230-ஆல் வகுங்கள்

எந்தப் பொருளுக்கும் அடியிலோ பின்னாலோ வாட் அச்சடித்திருப்பார்கள். அதை 230-ஆல் வகுத்தால் ஏறத்தாழ ஆம்பியர். 75 வாட் சீலிங் ஃபேன், மூன்றில் ஒரு பங்கு ஆம்பியர். 1000 வாட் அயர்ன் பாக்ஸ், 4.3. 2000 வாட் ஸ்டோரேஜ் கீசர், 8.7. 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர், 13. ஒன்றரை டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடும்போது பொதுவாக 7, 8 ஆம்பியர் பக்கம் வரும்.

"ஏ.சி. 8 ஆம்பியர்தானே, அதுக்கு எதுக்கு 4 ஸ்கொயர் எம்.எம். இழுக்கச் சொல்றாங்க?" என்று கேட்பீர்கள். ஏ.சி. ராத்திரி முழுக்க ஓடும். வயருக்கு ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. டி.பி. பாக்ஸிலிருந்து ரொம்ப தூரம் போகும் வயரில் வோல்டேஜும் இறங்கும். நாளைக்கு 2 டன் மாட்டினாலும் சுவரை உடைக்க வேண்டாம். வயர் தடிமனாக இருப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை, செலவைத் தவிர. மெலிசாக இருப்பதில்தான் கெடுதல்.

இப்போது நம்ம கேள்வி கேட்டவர் கிச்சனுக்கு வருவோம். வழக்கமான அளவுகளை வைத்துக்கொள்கிறேன். இன்டக்‌ஷன் 2000, கெட்டில் 1500, மைக்ரோவேவ் 1300. மொத்தம் 4800 வாட், 20.9 ஆம்பியர். அதே நேரத்தில் சட்னி அரைக்க 750 வாட் மிக்ஸி ஓடினால் 24.1 ஆம்பியர். ஒரே சர்க்யூட்டில் இவ்வளவும்.

எம்.சி.பி. எப்போது ட்ரிப் ஆகும்?

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். 16 ஆம்பியர் எம்.சி.பி. 16.1-ல் டக்கென்று விழாது. வீட்டு எம்.சி.பி.க்கான தரப்படி, அதன் அளவைப் போல 1.13 மடங்கு கரண்ட் ஒரு மணி நேரம் போனாலும் அது விழக்கூடாது. 1.45 மடங்கு போனால் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும். 16-க்கு இது 18.1 ஆம்பியர், 23.2 ஆம்பியர். நடுவில் இருந்தால் விழலாம், விழாமலும் இருக்கலாம்.

அதனால்தான் அவர் வீட்டில் சில நாள் நன்றாக ஓடி, மிக்ஸியும் சேரும் காலை நேரத்தில் மட்டும் விழுந்திருக்கும். 24.1 என்பது 23.2-ஐத் தாண்டிவிட்டது. எம்.சி.பி. தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

32-ஆக மாற்றியபின்? அதே கணக்கில், 36 ஆம்பியர் வரைக்கும் அது ஒரு மணி நேரம் ஆனாலும் விழாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. இருந்த சர்க்யூட் என்பதால் உள்ளே 2.5 வயர் இருக்கவே வாய்ப்பு அதிகம். நாம் பார்த்த நிலைமையில் அது தாங்குவது 16.7. இப்போது தினமும் காலையில் 24 ஆம்பியர் போகிறது. அனுமதித்த சூட்டைப் போல இரண்டு மடங்கு. நாளைக்கு ஒரு எலக்ட்ரிக் ரைஸ் குக்கரும் ஏர் ஃபிரையரும் சேர்ந்து 36-ஐத் தொட்டால் நாலரை மடங்குக்கும் மேலே. எம்.சி.பி. பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். அதன் கணக்கில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ஆகவே, கேள்வி கேட்ட நண்பருக்கு என் பதில்: தயவுசெய்து இந்த வாரமே 16-ஐத் திரும்பப் போடச் சொல்லுங்கள். அதுவரைக்கும் இன்டக்‌ஷனும் கெட்டிலும் ஒரே நேரத்தில் வேண்டாம். நிரந்தரத் தீர்வு, இன்டக்‌ஷனுக்கு மட்டும் டி.பி. பாக்ஸிலிருந்து தனி வயர், தனி எம்.சி.பி. வயரைப் பார்த்து, அது 6 ஸ்கொயர் எம்.எம்.மாக இருந்தால் 25 வரைக்கும் போகலாம். வயரைப் பார்க்காமல் எம்.சி.பி.யை ஏற்றியதில்தான் தப்பு. "எந்த சைஸ் வயர் போட்டிருக்கு?" என்று எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கேட்பதில் தயக்கமே வேண்டாம். வேலை தெரிந்தவர் இந்தக் கேள்வியைச் சந்தோஷமாக எடுத்துக்கொள்வார். வயர் மேலேயே சைஸ் அச்சடித்திருக்கும்.

எப்போது விழுகிறது என்பதே ஒரு துப்பு

எம்.சி.பி. ஏன் விழுகிறது என்று கண்டுபிடிக்க நேரத்தைக் கவனியுங்கள். ஆன் செய்தவுடனே விழுந்தால், ஷார்ட் சர்க்யூட் அல்லது பொருளில் பழுது. எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எது மாட்டும்போது விழுகிறதோ அதுதான் ஆள். எதுவும் மாட்டாமலே விழுந்தால் பிரச்சனை வயரிங்கில், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சில நிமிஷம், கால் மணி நேரம் ஓடி விழுந்தால், பெரும்பாலும் ஓவர்லோடு.

தண்ணி மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் விழுந்தால் அது வேறு கதை. மோட்டார் கிளம்பும்போது சில கணம் பல மடங்கு கரண்ட் இழுக்கும். எம்.சி.பி.யில் எண்ணுக்கு முன்னால் பி அல்லது சி என்று ஓர் எழுத்து இருக்கும். பி என்றால் 3 முதல் 5 மடங்கில் உடனே விழும். சி என்றால் 5 முதல் 10 மடங்கில். மோட்டார், ஏ.சி. மாதிரி பொருட்களுக்கு சி. எண்ணை மாற்றாமல் எழுத்தை மாற்றினாலே பல இடங்களில் தொல்லை தீரும்.

பழைய வீடு, பீஸ் கட்டை

ஊரில் தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் இன்னும் பீங்கான் பீஸ் கட்டைதான் இருக்கிறதா? அங்கே இதே தப்பு வேறு உருவத்தில் நடக்கும். பீஸ் போனால், கையில் கிடைக்கும் வயரை உரித்து ஒரு இழை செம்பைச் சுற்றிவிடுவது.

பழைய வயர்களை எலக்ட்ரீஷியன்கள் 3/22, 7/20 என்று சொல்வார்கள். முதல் எண் எத்தனை இழை, அடுத்தது கம்பியின் கேஜ். 3/22 என்றால் மொத்தம் சுமார் 1.2 ஸ்கொயர் எம்.எம்.; 7/20 என்றால் சுமார் 4.6. இதில் 3/22-இன் ஒரு இழை 0.71 மி.மீ. தடிமன். பிரிட்டிஷ் தரத்தில் 15 ஆம்பியருக்கான ஃபியூஸ் கம்பி 0.50 மி.மீ., 20-க்கு 0.60, 30-க்கு 0.85. அதாவது அந்த ஒற்றை இழை 20-க்கும் 30-க்கும் நடுவே. அதோடு, பீஸ் கட்டையில் இருக்கும் கம்பி அதன் அளவைப் போலச் சுமார் இரண்டு மடங்கு கரண்டில்தான் உருகும். அப்படியென்றால் 40 ஆம்பியரைத் தாண்டித்தான் அது போகும். காவல் காக்க வேண்டிய வயரோ 10 ஆம்பியர் பக்கம் தாங்கும் வயர். 7/20-இன் இழையை வைத்தால் இன்னும் மோசம்.

ஊருக்குப் போகும்போது பீஸ் கட்டையில் என்ன கம்பி என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் எம்.சி.பி.க்கு மாற்றிவிடுங்கள். பழைய வயர் அலுமினியமாக இருந்தால், அதே சைஸ் காப்பர் தாங்குவதில் முக்கால் பங்குக்குப் பக்கம்தான் தாங்கும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

எம்.சி.பி.க்குத் தெரியாதவை

மூன்று விஷயங்கள். முதலில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். சுவரில் 2.5 வயர், 16 எம்.சி.பி. எல்லாம் சரி. ஆனால் பாக்ஸின் ஒயர் 0.75 ஸ்கொயர் எம்.எம். என்றால் அது தாங்குவது சுமார் 6 ஆம்பியர். அதில் 2000 வாட் இன்டக்‌ஷன் மாட்டினால் 8.7. எம்.சி.பி.க்கு அது பாதி லோடுதான், விழவே விழாது. சூடு பண்ணும் எந்தப் பொருளையும் எக்ஸ்டென்ஷனில் மாட்டாதீர்கள்.

இரண்டாவது, லூஸ் கனெக்‌ஷன். பிளக் பாயின்ட்டில் ஸ்குரூ லூஸாக இருந்தால் அந்த ஒரு புள்ளி மட்டும் சூடாகும், கரண்ட் ஏறாது. சாக்கெட் பழுப்பாக மாறுவது, பிளக் தொட்டால் சுடுவது, மீன் வாடை மாதிரி ஒரு பிளாஸ்டிக் நாற்றம்: இவற்றில் எது இருந்தாலும் அந்தப் பாயின்ட்டை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது, ஷாக். ஒரு மனிதர் உடம்பு வழியாகப் போகும் ஆபத்தான கரண்ட், எம்.சி.பி. கவனிக்கும் அளவைவிட மிக மிகக் குறைவு. அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். எம்.சி.பி. வயருக்கு, ஆர்.சி.சி.பி. உயிருக்கு. ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்று ஆகாது.

இந்த வாரம் செய்ய வேண்டியது

டி.பி. பாக்ஸின் வெளி மூடியை மட்டும் திறந்து, ஒவ்வொரு எம்.சி.பி.யின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். உள் பிளேட்டை நீங்கள் கழற்ற வேண்டாம். மெயினை ஆஃப் செய்தாலும் ஈ.பி.யிலிருந்து வரும் பக்கம் உயிரோடுதான் இருக்கும். ஒவ்வொன்றாக ஆஃப் செய்து எந்த ரூமில் எது நிற்கிறது என்று எழுதுங்கள். அந்தந்த சர்க்யூட்டில் ஒரே நேரத்தில் ஓடக்கூடியவற்றின் வாட்டைக் கூட்டி 230-ஆல் வகுங்கள். வயர் சைஸை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்து, அதே பேப்பரில் எழுதி, மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இந்தப் பேப்பரை வீட்டு ஓனரிடம் காட்டிப் பேசலாம். "அடிக்கடி கரண்ட் போகுது சார்" என்று சொல்வதைவிட, "2.5 வயரில் 32 எம்.சி.பி. இருக்கு சார்" என்று சொன்னால் பேச்சு வேறு மாதிரி போகும்.

அடுத்த எபிசோடில் எர்த்திங் பற்றிப் பேசலாம்: மூணாவது பின் எதற்கு, அதை உடைத்துவிட்டு மாட்டினால் என்ன ஆகும் என்று. கேள்விகள் இருந்தால் அனுப்புங்கள், டி.பி. பாக்ஸ் போட்டோவோடு அனுப்பினால் இன்னும் நல்லது.